பன்னிரண்டாம் படுக்கைக்கு ஒரு விண்ணப்பம்

எனக்குக் கடிதம் எழுத நன்றாக வரும். இதில் அடக்கம் காட்ட ஒன்றுமில்லை. மருந்து விலையைப் பற்றி மந்திரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் நான் இதுவரை எழுதியவற்றின் நகல்களை அடுக்கினால் ஒரு டிரங்குப் பெட்டி கொள்ளாது. பாதிக்குப் பதில் வந்ததில்லை. வந்த பதில்களும் பெரும்பாலும் 'தங்கள் கடிதம் கவனத்தில் கொள்ளப்பட்டது' என்ற ரகம். ஆனாலும் எழுதுகிறேன். எந்தக் கடிதத்திலும் முதல் வரியில் மருந்தின் பெயர் இருக்கும், இரண்டாவது வரியில் விலை இருக்கும். நமஸ்காரமெல்லாம் அதற்கப்புறம்தான். "கொஞ்சம் மரியாதையாக ஆரம்பிக்கக் கூடாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மரியாதையாக ஆரம்பித்து நான் பட்டது போதும்.

மரியாதையாக எழுதக் கற்றுக்கொண்டது அரண்மனைக்காக. அப்பா மைசூர் அரண்மனைக் கச்சேரி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார். மகாராஜாவுக்கு வருகிற விண்ணப்பங்களைப் பிரித்து, சுருக்கம் எழுதி, மேலே அனுப்புவது அவர் வேலை. அவர் காலமானபோது பழைய நகல்கள் ஒரு கட்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. ஹைஸ்கூலில் படிக்கிற நாளில் கதைப் புத்தகம் கிடைக்காத குறைக்கு அவற்றைத்தான் படித்தேன். அந்தக் கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. அக்ரஹாரத்தில் யாருக்கு அரண்மனையிலிருந்து எது ஆக வேண்டுமென்றாலும் என்னைத் தேடி வருவார்கள். படிப்புக்கு உதவி, கோயில் தேருக்கு வடம், கண் ஆபரேஷன் ஆனவருக்கு மூக்குக் கண்ணாடி. நான் எழுதியது பெரும்பாலும் பலித்தது. கர்வமாகத்தான் இருந்தேன்.

அந்த எழுத்துக்கு ஒரு முறை உண்டு. ராஜாவை மஹாஸ்வாமியவர் என்றுதான் சொல்ல வேண்டும். தொகை எழுதக் கூடாது. கொடுக்கிறவருக்கு அளவு சொல்ல நாம் யார்? இன்ன பொருள் வேண்டும் என்றும் கேட்கக் கூடாது. குறையைச் சொல்லிவிட்டு, 'திருவுள்ளப்படி' என்று விட்டுவிட வேண்டும். நோய், சாவு போன்ற அமங்கலச் சொற்கள் தலைகாட்டக் கூடாது, நவராத்திரி நெருங்குகிற சமயத்தில் கூடவே கூடாது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், 'தேக ஸ்திதி சற்றே தாழ்ந்திருக்கிறது' என்று எழுதுவோம். விண்ணப்பத்தோடு ஒரு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். ராஜாவிடம் வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

நான் சொல்கிற சமயத்தில் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதிகாரம் பெங்களூரில் மந்திரிகள் கைக்குப் போயாயிற்று. ராஜாவுக்கு ராஜப்பிரமுகர் என்று புதுப் பட்டம். எங்கள் தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தசராவில் யானை மேல் அவர்தான் வந்தார். யாருக்காவது ஒரு கஷ்டம் என்றால் 'அரண்மனைக்கு எழுதிப் பாரேன்' என்றுதான் வாயில் வந்ததே தவிர, மந்திரிக்கு எழுது என்று யாருக்கும் சொல்ல வரவில்லை.

என் கணவருக்கு மட்டும் இது பிடிக்காது. அவர் ஊரில் ஒரு மருந்துக்கடையில் கம்பவுண்டர். டாக்டர் சீட்டைப் பார்த்து மிக்ஸ்சர் கலக்கிக் கொடுப்பவர். மக்களாட்சி கேட்டு ஊர்வலம் போய், ஒரு வாரம் ஜெயிலில் இருந்துவிட்டு, இளைத்து, ஆனால் மிகவும் சந்தோஷமாகத் திரும்பி வந்தவர். என்னுடைய விண்ணப்பங்களை அவர் 'உன் காவியம்' என்பார்.

எங்களோடு என் அக்காவும் இருந்தாள். கல்யாணமான இரண்டே வருஷத்தில் கணவரை இழந்தவள். அழுதுகொண்டு மூலையில் உட்காராமல் படித்து, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். என்னைவிட எட்டு வயது பெரியவள். எனக்கு அம்மா முகம் சரியாக ஞாபகமில்லை, தலைவாரிவிட்டது அக்காதான். அந்த வருஷம் ஆடி மாதத்தில் அவள் கைக்குட்டையில் ரத்தம் வந்தது.

ஊருக்கு வெளியே இருந்த க்ஷய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் பதினோராம் படுக்கை கொடுத்தார்கள். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். ஸ்ட்ரெப்டோமைசின் என்று புதிதாக ஓர் ஊசி மருந்து வந்திருக்கிறது. தினம் ஒன்றாக மூன்று மாதம் போட்டால் பிழைத்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் அது கிடையாது, நாமேதான் வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் பால், முட்டை, ஓய்வு, நல்ல காற்று.

அந்த மருந்து கப்பலில் வருவது. ஒரு குப்பியின் விலை என் கணவரின் ஐந்து நாள் சம்பளம். அன்று சாயங்காலம் கடையிலிருந்து விலையைக் கேட்டுக்கொண்டு வந்தவர் காபி கூடக் குடிக்கவில்லை. "என்ன மருந்து வேணும்னாலும் கலக்குவேன்னு பெருமை அடிச்சுண்டிருந்தேனே, இதை நான் எதுலேர்ந்து கலக்குவேன்?" என்றார். என் வளையல் நான்கும் அக்காவின் சேமிப்பும் சேர்ந்து இருபது குப்பிக்கு வந்தது. இருபதோடு நிறுத்தினால் நோய் முன்னைவிட முரண்டு பிடிக்கும், முழுசும் கையில் இருந்தால் ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர்.

கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் மாதம் ஒருமுறை மதராஸிலிருந்து கடைக்கு வருவார். டை கட்டியிருப்பார், தோல் பை வைத்திருப்பார். என் கணவர் அவரைப் பிடித்துக்கொண்டார். இந்த விலைக்கு மைசூரில் யார் வாங்குவார்கள் என்று கேட்டார். "உலகம் பூராவும் ஒரே விலை சார். எங்க கம்பெனி யாருக்கும் பாரபட்சம் பார்க்கிறதில்லை" என்றார் அவர்.

"விலை ஒரே விலை, சரி. சம்பளம் உலகம் பூராவும் ஒரே சம்பளமா?"

பிரதிநிதி பையை மூடினார். தன் கையில் ஒன்றுமில்லை, விலை போடுவது கடலுக்கு அந்தப் பக்கம் தலைமை ஆபீஸில் என்று சொல்லி, ஒரு காலண்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். வழவழவென்ற தாளில் பனிமலைப் படம் போட்ட அந்தக் காலண்டரை என் கணவர் அடுப்புப் பற்றவைக்க வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பெங்களூருக்கும் ஒரு கடிதம் போட்டார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது.

நான் அப்பாவின் பழைய நகல் கட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"ஏன்னா, நான் அரண்மனைக்கு எழுதப்போறேன்" என்றேன்.

"அவர்ட்ட கைநீட்டறதுக்கா நான் ஊர்வலம் போனேன்?"

"நீங்க போனது ஆட்சிக்கு. நான் கேக்கறது ஊசிக்கு. சும்னே குறுக்க வராதேங்கோ."

அவர் குறுக்கே வரவில்லை. எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்தார். "மருந்து பேரே இல்லையே" என்றார். அரண்மனைக் கடிதத்தில் அப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அன்று எனக்கிருந்த தன்னம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

சுத்தப் பிரதியை ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். பன்னிரண்டாம் படுக்கையில் கௌதள்ளியிலிருந்து வந்த ஓர் அம்மாள் இருந்தாள். எங்கள் ஜில்லாவில் அந்தப் பக்கமெல்லாம் தமிழ்தான். புருஷனோடு கட்டட வேலைக்கு மைசூர் வந்தவள். கல் சுமந்து சுமந்து தோள் ஒருபக்கம் இறங்கியிருந்தது. அவள் புருஷன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். மற்ற நாளெல்லாம் அவளுக்கு எங்கள் அக்காதான் பேச்சுத்துணை. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. நான் எழுதுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, ராசாவுக்குங்களா எழுதறீங்க?"

"ஆமாம்."

"எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. எனக்கும் இதே சீக்குத்தானுங்களே. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க."

நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "ஒரே வார்டுலேர்ந்து ரெண்டு விண்ணப்பம் போகப்படாது. அது அரண்மனை முறை. போனா ரெண்டையுமே ஒதுக்கி வெச்சுடுவா. அக்காளுது முதல்ல வரட்டும், மறுநாளே உங்களுதை எழுதித் தரேன்" என்றேன்.

"அப்படிங்களா. செரிங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா" என்றாள். பிறகு தலையணைக்குப் பக்கத்தில் துழாவி ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். வாய்க்கசப்புக்கு அவள் புருஷன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. "வெறுங்கையோட போகாதீங்க. இதக் கொண்டுட்டுப் போங்க. அக்காளுக்கு நல்லாகட்டும்."

வாங்கிக்கொண்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பழத்தைத்தான் விண்ணப்பத்தின் மேல் வைத்து அரண்மனைக் கச்சேரியில் கொடுத்தேன்.

நவராத்திரி வந்தது, விஜயதசமி ஊர்வலம் போயிற்று. அதற்கும் ஒரு வாரம் கழித்து ஒருநாள் காலையில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. ஜரிகைத் தலைப்பாகை கட்டிய அரண்மனைச் சேவகர் ஒருவர் எங்கள் வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார். பின்னால் இன்னொருவர் தலையில் ஒரு பெரிய தட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டைக் கூடத்தில் இறக்கி, பட்டுத்துணியை விலக்கினார்கள். ஒரு கூடைப் பழம், குங்குமப் பிரசாதம், சீனா ஜாடி ஒன்று. ஜாடியில் அரண்மனை வைத்தியர் தம் கையால் கிண்டிய லேகியம். கூடவே கடிதம். 'தாழ்ந்திருக்கும் தேக ஸ்திதி உயரும் பொருட்டு' என்று என் கன்னடத்தைவிட அழகான கன்னடத்தில் எழுதியிருந்தது.

சேவகர்கள் போன பிறகு என் கணவர் ஜாடியைத் திறந்து முகர்ந்தார். "நெய் நல்ல நெய். ஊசி எங்கே?" என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. அரண்மனையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். ஊசி என்று நான்தான் கேட்கவில்லை. அவமானத்தில் அழுகை வந்தது. அதைவிட, ஒரு மாதம் போய்விட்டதே என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஜாடியைப் பக்கத்துப் படுக்கைக்குக் கொடுக்கச் சொன்னாள். கௌதள்ளி அம்மாள் அதற்குள் எழுந்து உட்கார முடியாமல் ஆகியிருந்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "ராசா மருந்து தித்திக்குதுங்க. நல்லாயிருமுங்க" என்றாள். இதுவல்ல அந்த மருந்து என்று அவளிடம் சொல்லாமல் ஜாடியை மூடி ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

அக்கா தன் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினாள்.

"கடைக்குப் போய் 'திருவுள்ளப்படி மருந்து குடுங்கோ'ன்னு கேப்பியா? நோய் பேரை எழுது. மருந்து பேரை எழுது. எத்தனை வேணும்னு எழுது. விலை எவ்வளவுன்னு எழுது. எனக்கும் இவளுக்கும் சேர்த்து எழுது. எனக்கு மட்டும் எழுதறதா இருந்தா அதுவும் வேண்டாம்."

கட்டம்போட்ட தாளில் ஐந்து வரி எழுதினேன். காச நோய். ஸ்ட்ரெப்டோமைசின். பதினோராம் படுக்கைக்கும் பன்னிரண்டாம் படுக்கைக்கும், ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு. என் கணவர் கடையிலிருந்து கம்பெனியின் விலைச்சீட்டைக் கொண்டுவந்து குண்டூசியால் குத்திக் கொடுத்தார். இப்படி ஒன்று அப்பாவின் மேஜைக்கு வந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். மறுநாள் காலை எலுமிச்சம்பழம் இல்லாமல், யார் கையிலும் கொடுத்தனுப்பாமல், நானே அரண்மனைக் கச்சேரிக்குப் போனேன்.

தர்மகாரியங்களைப் பார்க்கிற அதிகாரி வயதானவர். எழுந்து நின்று படித்தார், மறுபடி உட்கார்ந்து படித்தார். "அம்மா, இதை முதலிலேயே எழுதியிருந்தால் அன்றைக்கே ஏற்பாடு செய்திருப்போமே" என்று கன்னடத்தில் சொன்னார். "தேக ஸ்திதி என்றால் நாங்கள் என்ன நினைப்போம்? ஏதோ பலவீனம் என்று வைத்தியரிடம் சொன்னோம்."

விலையைக் குறைக்கச் சொல்லி அரண்மனை அந்தக் கம்பெனிக்கு எழுதக் கூடாதா என்று கேட்டேன். இங்கே நாலு தலைமுறையாக வரி தள்ளுபடி செய்தவர்கள், தானியம் கொடுத்தவர்கள் ஆயிற்றே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது நம் மண்ணில் விளைந்ததை, அம்மா. இது அவர்கள் சரக்கு. மஹாஸ்வாமியவர் உத்தரவு போட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் யார் கேட்பார்கள்? சொன்ன விலையைக் கொடுத்து வாங்கத்தான் நம்மால் முடியும்."

இரண்டு பேருக்கும் வாங்க அன்றே உத்தரவானது. அந்த உத்தரவு வந்து சேர்ந்தது என் கணவர் வேலை பார்த்த கடைக்கே. மதராஸிலிருந்து சரக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று கடைசி மூன்று நாளும் கடையிலேயே காத்திருந்ததில் ஆஸ்பத்திரிப் பக்கம் நான் போகவில்லை. அவரே பிரித்து, எண்ணி, இரண்டு பொட்டலமாகக் கட்டி, மேலே படுக்கை எண்ணை எழுதினார். அவர் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பாத்தியா. ராஜாவும் எங்க கடைல ஒரு கிராக்கிதான். அவருக்கும் அதே விலைதான் போட்டேன். கம்பெனி யாருக்கும் பாரபட்சம் பாக்கறதில்லையே" என்றார். இந்த மனிதர் எந்த ராஜாவுக்கு எதிராக ஊர்வலம் போனாரோ அந்த ராஜாவுக்காக அன்று கோபப்பட்டார்.

இரண்டு பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு வார்டுக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனேன். பன்னிரண்டாம் படுக்கை காலியாக இருந்தது. மெத்தையை வெயிலில் போட்டிருந்தார்கள். கட்டிலின் இரும்புக் கம்பிகளை ஒருத்தி சோப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கட்டையில் லேகிய ஜாடி இருந்தது.

"முந்தாநாள் கார்த்தால" என்றாள் அக்கா. சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "புருஷன் வந்து எடுத்துண்டு போனான். உன்னை ரெண்டு தரம் கேட்டா. எழுதியாச்சான்னு."

அக்காவுக்கு அன்றைக்கே முதல் ஊசி போட்டார்கள். இரண்டாவது பொட்டலத்தை என்ன செய்வது என்று நர்ஸ் கேட்டபோது, அந்தக் கட்டிலுக்கு அடுத்து யார் வந்தாலும் அவர்களுக்கு என்றாள் அக்கா. குண்டலுபேட்டையிலிருந்து ஒரு பெண் வந்து படுத்தாள். அவள் குணமாகித் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். அக்காவும் பிழைத்தாள். மருந்தின் வேகத்தில் ஒரு காது மந்தமானது. அந்தக் காதை வகுப்பில் சத்தம் போடுகிற பக்கமாகத் திருப்பிக்கொண்டு, இன்னும் இருபது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

பிற்பாடு அந்த மருந்தை நம் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். விலை இறங்கியது, ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைத்தது. குறைக்கவே முடியாது என்று சொன்ன விலை அது. அதனால்தான், எந்தக் கம்பெனி முடியாது என்று எழுதினாலும் நான் நம்புவதில்லை, திரும்ப எழுதுகிறேன். ராஜாவின் பட்டமும் ஒருநாள் போயிற்று. அவர்கள் கொடுத்தது நல்ல மனசோடு கொடுத்தது, அதை நான் யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் அந்தத் தர்மம் எழுதத் தெரிந்தவர்களின் வீடு வரைக்கும்தான் வந்தது. கம்பெனியின் மருந்து பணம் இருந்தவர்களின் வீடு வரைக்கும் வந்தது. பன்னிரண்டாம் படுக்கையில் இருந்தவளுக்கு இரண்டும் இல்லை. அவளுக்கு நான் இருந்தேன்.

ஒரே வார்டிலிருந்து இரண்டு விண்ணப்பம் போகக் கூடாது என்று அவளிடம் சொன்னேனே, அப்படி ஒரு அரண்மனை முறை கிடையாது. அப்பாவின் கட்டு முழுக்க எனக்கு மனப்பாடம், அதில் எங்கும் இல்லை. நானாகச் சொன்னது. இரண்டு பேர் கேட்டால் அக்காவுக்கு வருவதில் பங்கு போய்விடுமோ என்று பயந்து, அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்த பொய். முறை என்று சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இதை அக்காவிடம், அவளுக்கு முதல் ஊசி போட்ட அன்று சாயங்காலமே சொன்னேன். தெரியும் என்றாள்.

மருந்து பெற்றுக்கொண்டதற்கு அரண்மனைக்கு ரசீது எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றவர் எழுத வேண்டும், எழுதத் தெரியாதவருக்கு வேறு யாராவது எழுதலாம். அக்கா தனக்கானதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மற்றதை நான் எழுதினேன். 'பன்னிரண்டாம் படுக்கைக்கு மருந்து வந்து சேர்ந்தது. அந்த அம்மாள் காச நோயால் அதற்கு இரண்டு நாள் முன்பு செத்துப்போனாள். நவராத்திரிக்கு முன்பே அவள் என்னை எழுதச் சொன்னாள். நான் எழுதவில்லை.' கீழே என் பெயரைப் போட்டு, நானே கொண்டுபோய் அந்த அதிகாரி கையில் கொடுத்தேன்.